சம்பந்தியின் இலை

புக்கிட் ரோத்தான்
5 ஜூன் 2025

திருமதி பிரேமலா கார்த்திகேசு அவர்களுக்கு,

துளசியின் அம்மா நல்லம்மாள் எழுதுவது. போனில் கேட்டுவிடலாம் என்று இரண்டு முறை கையில் எடுத்து, வைத்துவிட்டேன். போனில் என் குரல் ஏறிவிடும். அடுத்த அறையில் மகள் இருக்கிறாள். வாட்ஸ்அப்பில் எழுதினால் அது எங்கெங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் தாளில் எழுதித் தபாலில் போடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை குடும்பமாக வந்தீர்கள். பேச வேண்டியதெல்லாம் பேசி முடித்தோம். ஆகஸ்டு 31 நிச்சயதார்த்தம் என்றதற்கு நீங்களும் தலையாட்டினீர்கள். பேச்சு முடியாமல் சம்பந்தி வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். முடிந்த பிறகு நனைக்காமல் எழுந்து போகவும் மாட்டார்கள். ரவாங்கில் இதெல்லாம் மாறிவிட்டதோ என்னவோ. இங்கே மாறவில்லை.

நான் தமிழ்ப்பள்ளி கேண்டீனில் சமைக்கிறவள். என் கைச்சோற்றைத் தின்று வளர்ந்த பிள்ளைகள் இந்தத் தோட்டம் முழுக்க இருக்கிறார்கள். அன்று கம்பத்து நாட்டுக்கோழி வாங்கிப் பிரட்டல் வைத்தேன். இறால் வைத்தேன். பாயசம் வைத்தேன். நீங்கள் பாயசத்தில் ஒரு வாய், சோற்றில் இரண்டு வாய் எடுத்தீர்கள். பிறகு நிறைந்த இலையை அப்படியே மூடிவிட்டுப் பின்பக்கம் போனீர்கள். வாழை மரத்தடியில் அந்த மூன்று வாயையும் துப்பிவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தீர்கள். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்தவள் வந்து சொன்னாள்.

அதற்கு முன், துளசி சோறு போட வந்தபோது நீங்கள் சொன்னது எனக்கே கேட்டது. "போதும்மா, இவ்ளோ சோறா? பாத்தாலே பயமா இருக்கு." என் மகள் உடம்பு கனத்தவள். அது வீட்டுக்குள் நுழைந்தபோதே உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

நான் கேட்பது இதுதான். நாங்கள் எந்த வழி, என்ன சாதி, யார் வீட்டு ஆட்கள் என்று யாராவது உங்கள் காதில் ஏதாவது போட்டார்களா? அல்லது என் மகளின் உடம்புதான் பிடிக்கவில்லையா? எதுவானாலும் நேராக எழுதுங்கள். பிள்ளைகள் ஒரே தொழிற்சாலையில் நாலு வருடமாகப் பழகுகிறார்கள் என்பது சரி. ஆனால் என் வீட்டுச் சோறு தொண்டையில் இறங்காதவர் வீட்டுக்கு என்னால் பெண் அனுப்ப முடியாது.

நல்லம்மாள்


ரவாங்
11 ஜூன் 2025

மதிப்பிற்குரிய நல்லம்மாள் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் நினைப்பது போல எதுவும் இல்லை. எனக்கு நெடுநாளாகக் கேஸ்ட்ரிக் தொல்லை உண்டு. அன்று காலையிலிருந்தே வயிறு சரியில்லை. உங்கள் மனம் புண்பட்டிருந்தால் மன்னிக்க வேண்டும்.

துளசியை எங்கள் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. அவள் உடம்பைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

நிச்சயதார்த்தத் தட்டுகள் எத்தனை என்று மகன் சசிகுமார் கேட்கச் சொன்னான். ஒற்றைப்படையில் இருந்தால் போதும் என்பது என் கருத்து.

இப்படிக்கு,
பிரேமலா


புக்கிட் ரோத்தான்
19 ஜூன் 2025

திருமதி பிரேமலா அவர்களுக்கு,

தட்டைப் பற்றி அப்புறம் பேசலாம்.

அன்று உங்கள் கணவர் என் மச்சாண்டார் சின்னையாவிடம், "அவுங்க இன்னிக்கு வெரதம் பெரியவரே" என்று சொன்னார். விரதம் இருக்கிறவர் கோழியை எடுத்து வாயில் வைப்பாரா? உங்கள் மகன் துளசியிடம், "அம்மா வர்ற வழியில ரொட்டி சானாய் சாப்பிட்டுட்டாங்கலா, வயிறு ஃபுல்" என்றிருக்கிறான். இப்போது நீங்கள் கேஸ்ட்ரிக் என்கிறீர்கள். ஒரு வயிற்றுக்கு ஆளுக்கொரு காரணம். பொய் சொல்வதென்றால் காரில் வரும்போதே மூன்று பேரும் பேசி வைத்துக்கொண்டிருக்கலாம்.

என் மச்சாண்டார் இந்தத் தோட்டத்தில் மண்டோராக ஆட்களை வேலை வாங்கியவர். வேலை போய் எத்தனையோ காலமாகிவிட்டது, அதிகாரம் மட்டும் போகவில்லை. என் கணவர் இறந்த பிறகு துளசிக்குப் பெரியப்பாவாக எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பவர் அவர்தான். அவர் சொல்லிவிட்டார்: "நிச்சயத்தன்னிக்கு பந்தியில அந்த அம்மா நம்ம ஆளுங்க முன்னால ஒக்காந்து சாப்புடட்டும். அப்பதான் தட்டு மாத்துவேன். இல்லன்னா வந்த வழியே போவட்டும்." நான் மறுத்துப் பேசவில்லை. பேச என்னிடம் காரணம் எதுவும் இல்லை.

இன்னொன்று. உங்கள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்த நாளிலிருந்து துளசி இரவில் சாப்பிடுவதில்லை. காலையில் கறுப்புக் காப்பி மட்டும். கேட்டால், "நிச்சயத்துக்கு சாரி நல்லா நிக்கணும்மா" என்கிறாள். சோறு போட்டே பிழைத்தவள் நான். என் வீட்டில் தட்டு கவிழ்ந்து கிடக்கிறது.

உண்மையை எழுதுங்கள். இல்லையென்றால் எழுதவே வேண்டாம்.

நல்லம்மாள்


ரவாங்
2 ஜூலை 2025

நல்லம்மாள் அவர்களுக்கு,

இதை எழுத இத்தனை நாள் ஆனது. வீட்டுக்கு வெளியே யாரிடமும் நான் சொன்னதில்லை.

போன செப்டம்பரில் ஆபரேஷன் செய்து என் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டார்கள். மிச்சமிருப்பது ஒரு வாழைப்பழப் பருமனில் ஒரு குழாய். உடம்பைக் குறைப்பதற்காகச் செய்துகொண்டது. உங்கள் வீட்டுக்கு வந்த என்னைப் பார்த்தீர்களே, அதற்கு முந்திய என்னைப் பார்த்திருந்தால் துளசியின் உடம்பைப் பற்றி நான் பேசுவேன் என்று நினைத்திருக்க மாட்டீர்கள். அவளைப் போல ஒன்றரை மடங்கு இருந்தேன். சர்க்கரைக்கு ஊசி, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை, படியேற முடியாத முட்டி.

ஊசி நின்றுவிட்டது. முட்டி பரவாயில்லை. அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கோவிலில் பார்க்கிறவர்கள், "என்ன பிரேமலா இப்படி வத்திப் போயிட்ட, டாக்டரைப் பாத்தியா?" என்கிறார்கள். ஆபீசில் இருக்கும் சின்னப் பெண் ஒருத்தி, யாரோ ஒரு நடிகை இதைச் செய்துகொண்டதைப் பற்றிப் பேசும்போது, "அது ஈசி வழிலா அக்கா, ஜிம்முக்குப் போகச் சோம்பேறித்தனம்" என்றாள். நான் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஈசி என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்கிறேன். சோறு உள்ளே போய்ப் பசை மாதிரி நிற்கும். கோழியை எவ்வளவு மென்றாலும் நெஞ்சுக் குழியில் கல்லாக உட்காரும். பிறகு வாயில் நுரை ஊறும், எழுந்து ஓடியாக வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. குடித்தால் அதுவே இடத்தை அடைத்துக்கொள்ளும். இனிப்பு பட்டால் நெஞ்சு படபடக்கும், கை சில்லிட்டுப் போகும், மயக்கம் வரும். அன்று மரியாதைக்காக நான் முதலில் எடுத்தது உங்கள் பாயசத்தை. அதற்கு மேல் சோறும் பிரட்டலும். துளசி கரண்டி நிறையச் சோற்றைக் கொண்டு வந்தபோது நான் பார்த்துப் பயந்தது சோற்றைத்தான்.

மாத்திரைகள் சாகும்வரை உண்டு. இந்த வருடத் தொடக்கத்தில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டி, குளியலறைச் சாக்கடையே அடைத்துக்கொண்டது. இப்போது முன்நெற்றியில் குச்சி குச்சியாக முளைக்கிறது. அதை எண்ணெய் வைத்துப் படிய வைத்துக்கொண்டுதான் உங்கள் வீட்டுக்கு வந்தேன். இவர் இரவில் தனியாகச் சாப்பிடுகிறார். நான் எதிரே உட்கார்ந்தால், "நீ பாக்கறப்ப எனக்கு எறங்கல" என்கிறார். எழுந்து போனால், "கூட ஒக்காரக்கூட மாட்டியா" என்கிறார்.

ஏன் மறைத்தேன் என்று கேட்பீர்கள். கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் மாமியாருக்கு வயிற்றில் ஆபரேஷன் என்றால் முதலில் புற்றுநோய் என்பார்கள். இல்லை என்று தெரிந்ததும், கண்டபடி தின்றுவிட்டு வயிற்றை வெட்டிக்கொண்டாள் என்பார்கள். இரண்டையும் என் மகன் கல்யாணத்தில் கேட்க எனக்கு விருப்பமில்லை. வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்று சொன்னது நான்தான். என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லாமல் விட்டதும் நான்தான்.

எங்களுக்கு உங்கள் வழி எதுவானாலும் ஒன்றுதான். இது உங்களோடு இருக்கட்டும்.

பிரேமலா


புக்கிட் ரோத்தான்
9 ஜூலை 2025

சம்பந்தி அம்மாவுக்கு,

இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்ததும் கோபம்தான் வந்தது. வந்த அன்றே அடுப்படிக்கு வந்து, "அக்கா, எனக்கு இது இறங்காது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கோழிச் சாற்றை வடிகட்டி ஒரு கோப்பையில் கொடுத்திருப்பேன். கேண்டீனில் சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளைகளுக்கு அப்படித்தான் கொடுக்கிறேன். நான் என்ன ஊரைக் கூட்டியா சொல்லப் போகிறேன்?

இன்னொரு கோபமும் உண்டு, சொல்லிவிடுகிறேன். எங்கள் தோட்டத்தில் உடம்பு கனத்தவர்கள் மழையிலும் வெயிலிலும் வேலை பார்த்துக்கொண்டு அப்படியே இருக்கிறார்கள். வெட்டிக்கொள்ளும் வசதி உங்களுக்கு இருந்தது என்று முதலில் தோன்றியது. சாக்கடை அடைத்தது வரை படித்த பிறகு அந்த நினைப்பு கொஞ்சம் இறங்கிவிட்டது. முழுதும் இறங்கவில்லை.

இப்போது காரியத்தைப் பேசுவோம். மச்சாண்டாரிடம் சொல்ல எனக்கு அனுமதி கொடுங்கள். அவர் முரடர்தான், ஆனால் நோயென்றால் கேட்பார். அவரிடம் சொல்லாமல் பந்தியைச் சமாளிக்க முடியாது. பெண்கள் வரிசைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்காருவார். யார் இலையில் என்ன மிச்சம் என்று பார்ப்பதுதான் அவர் வேலை.

இரண்டாவது, துளசியிடம் நீங்களே சொல்ல வேண்டும். நேற்று வேலை இடத்தில் மயங்கி விழுந்திருக்கிறாள். உங்கள் மகன்தான் கிளினிக்குக் கூட்டிப் போனான். "வெயில்மா" என்கிறாள். குளிர்சாதன அறையில் உட்கார்ந்து வேலை செய்பவளுக்கு எந்த வெயில்? நான் சொன்னால் அம்மா சமாதானம் சொல்கிறாள் என்றுதான் நினைப்பாள். அந்த வார்த்தை உங்கள் வாயிலிருந்து வந்தது. எடுக்க வேண்டியதும் நீங்கள்தான்.

நல்லம்மாள்


ரவாங்
17 ஆகஸ்டு 2025

நல்லம்மாக்கா,

ஆடி முடியட்டும் என்று காத்திருக்கவில்லை. எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் மச்சாண்டாரிடம் சொல்ல வேண்டாம். கோபப்படாதீர்கள். அவரிடம் சொன்னால் அவர் மண்டபத்தில் எழுந்து, "அந்த அம்மாவுக்கு வவுறு வெட்டியாச்சு, யாரும் வற்புறுத்தாதீங்க" என்று நல்ல மனதோடுதான் அறிவிப்பார். அப்படிப்பட்டவர் என்று ஒரே நாளில் தெரிந்துகொண்டேன். என் வயிற்றை மைக்கில் வாசிக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

ஒரு மாதமாக வீட்டில் இலை போட்டுப் பழகுகிறேன். சோறு, சாம்பார், கொஞ்சம் மீன். நிதானமாக, பேசிக்கொண்டே, மென்று மென்று சாப்பிட்டால் நாலைந்து வாய் தங்குகிறது. ஆனால் பந்தியில் அடுத்த வரிசைக்காரர்கள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார்களே, அந்த அவசரத்தில் இரண்டு வாய்க்கு மேல் என்னால் முடியாது. இலை நிறைந்தேதான் கிடக்கும்.

வேடிக்கை கேளுங்கள். உடம்பு மறுபடி ஏற ஆரம்பித்திருக்கிறது. கோழி இறங்குவதில்லை, முறுக்கு இறங்குகிறது. மென்றால் மாவாகிவிடுகிறது, வழியில் எதுவும் மறிப்பதில்லை. ஆபீசில் ஒரு டின் இருக்கிறது. கை தானாகப் போகிறது. ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்லும் பெண் எடையைப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, ஆபரேஷன் வயித்துக்குத்தான் பண்ணோம், பழக்கத்துக்கு இல்ல" என்றாள். அவள் சொன்னது சரி. அவள் மேசை மேலிருந்த பேனாவை எடுத்து உடைக்க வேண்டும் போல இருந்தது. வாழ்க்கை முழுக்க உடம்போடு மல்லுக்கட்டி, வெட்டியும் கொடுத்துவிட்டு, இன்னும் தராசின் முன்னால் செருப்பைக் கழற்றிக்கொண்டு நிற்கிறேன்.

துளசியை நேற்று வேலை முடிந்ததும் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுச் சட்டைக் கையை மேலே ஏற்றினேன். மேல்கைத் தோல் பை மாதிரி தொங்குகிறது. "தொட்டுப் பார்" என்றேன்.

தொட்டாள். "வலிக்குமா ஆன்ட்டி?"

"வலிக்காது. வேர்க்குரு வரும்."

எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "எனக்கும் பண்ணலாமா?" என்றாள்.

"சர்க்கரை இருக்கா?"

"இல்ல."

"முட்டி வலி? மூச்சு வாங்குதா?"

"இல்ல ஆன்ட்டி."

"அப்ப எதுக்கு?"

"நீங்கதான பாத்தாலே பயமா இருக்குன்னு சொன்னீங்க."

அக்கா, அந்தப் பிள்ளை இரண்டு மாதமாக அதைச் சுமந்துகொண்டு என் மகனோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். "சோத்தப் பாத்து சொன்னேன்மா, உன்னப் பாத்து இல்ல" என்றேன். நம்பினாளா என்று தெரியவில்லை. தோசை ஊற்றிக் கொடுத்தேன். பாதி சாப்பிட்டாள். மீதிப் பாதியைத் தட்டில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். யார் சாப்பிடுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

நிச்சயதார்த்தத்துக்கு வருகிறேன். அங்கே என்ன செய்வேன் என்று இன்னும் தெரியாது. ஒன்று மட்டும் செய்யுங்கள். என்னை உங்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

பிரேமலா


புக்கிட் ரோத்தான்
3 செப்டம்பர் 2025

பிரேமலாவுக்கு,

இனி அவர்கள் இவர்கள் என்று எழுத முடியாது. என் எச்சில் இலையில் சாப்பிட்டவளை வேறு எப்படிக் கூப்பிடுவது?

நிச்சயப் பந்தியில் உட்காருவதற்கு முன்பே நீ சொல்லியிருக்க வேண்டும். நான் பாதி சாப்பிட்டு, ரசத்தைச் சோற்றில் பிசைந்து வைத்திருந்தேன். எதிரே மச்சாண்டார் கால்மேல் கால் போட்டுக்கொண்டு உன் இலையையே பார்க்கிறார். உன் இலையில் எல்லாம் அப்படியே இருக்கிறது. கேட்டே விட்டார்: "என்னம்மா, எங்க சோறு எறங்கலியா?" வரிசை முழுக்கக் கரண்டிச் சத்தம் நின்றுபோனது. துளசி மேடையிலிருந்து இறங்க எழுந்தாள்.

நீ கையை நீட்டி, என் இலையிலிருந்து, நான் பிசைந்த சோற்றை எடுத்து வாயில் வைத்தாய். மென்றாய். மறுபடி எடுத்தாய். "இதான் எனக்கு எறங்கும் பெரியவரே. எங்கக்கா பெசஞ்சது." அவ்வளவுதான் சொன்னாய். என் பிள்ளைகள்கூடப் பெரியவர்கள் ஆன பிறகு என் இலையில் கை வைத்ததில்லை. என் புருஷன் வைப்பார். அவர் போன பிறகு யாரும் இல்லை.

நீங்கள் புறப்பட்டுப் போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. மச்சாண்டார் வாசலில் நெடுநேரம் நின்று பல் குத்திக்கொண்டிருந்தார். அவர் சம்சாரம் போய், "ரவாங்காரவுங்க கொழம்பு ஊத்தின சோத்துல கையே வெக்கலியே" என்று ஆரம்பித்தாள். "வாய மூடு. சம்பந்தி எச்சி சோத்துல கை நனைச்சிருக்கு. இதுக்கு மேல ஒனக்கு என்னா வேணும்?" என்றார். வழி கிழி என்று இனி எங்கள் பக்கம் யாரும் பேச மாட்டார்கள். அப்படிப் பேசியவர்கள் இருந்தார்கள். உனக்குச் சொல்லாமல் இருந்தேன்.

எனக்கு ஒரு குறையும் உண்டு. நீ என் இலையில் கை வைப்பாய் என்று முன்பே தெரிந்திருந்தால் அந்த ரசத்தில் இவ்வளவு மிளகு போட்டிருக்க மாட்டேன்.

துளசி அன்று இரவு சோறு சாப்பிட்டாள். மறுநாள் சாப்பிடவில்லை. இன்று சாப்பிட்டாள். இப்படித்தான் போகிறது. அவளைப் பார்த்துக்கொள்.

அக்கா


ரவாங்
14 செப்டம்பர் 2025

அக்கா,

மிளகுதான். ஈஜோக் தாண்டுவதற்குள் காரை ஓரம் கட்டச் சொல்லிவிட்டேன். செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் பட்டுப்புடவையோடு நான் குனிந்து நிற்க, இவர் என் முதுகைத் தடவிக்கொண்டே, "யாரும் பாக்கல, யாரும் பாக்கல" என்றார். லோரிகள் எல்லாம் பார்த்துக்கொண்டேதான் போயின. நீங்கள் சொன்ன பெருமையில் பாதி அங்கேயே போய்விட்டது. உங்களிடம் இனி மறைக்கப் போவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

அன்று நான் துணிச்சலில் செய்ததாக நினைக்காதீர்கள். இரண்டு வாய்க்குத்தான் வயிற்றில் இடம். என் இலையில் இரண்டு வாய் எடுத்தால் அது அவமானம். எங்கே எடுத்தால் போதும் என்று பார்த்தேன், பக்கத்தில் உங்கள் இலை இருந்தது.

இப்போது புதிய தொல்லை வந்திருக்கிறது. உங்கள் மச்சாண்டார் சம்சாரம் போன் செய்தார். "கல்யாணத்துக்கு முன்னாடி எங்க வீட்டு விருந்துக்கு வாங்க. எங்க எலையிலயும் ஒரு வாய் கை வெக்கணும், அவ எலையில மட்டும் வெச்சா எப்பிடி?" அதற்கு மறுநாள் உங்கள் நாத்தனார். நேற்று, ஜெராமிலிருந்து யாரென்றே தெரியாத ஒருவர், துளசிக்குச் சித்தி முறையாம். உங்கள் சொந்தத்தில் எத்தனை இலை இருக்கிறது அக்கா? முழு வயிறு இருந்தபோதுகூட என்னை யாரும் இப்படி அழைத்ததில்லை.

எல்லோரிடமும் சொல்லிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை என்று துளசி சொல்கிறாள். இன்னும் எனக்கு மனம் வரவில்லை. ஒருவேளை கல்யாணத்துக்குப் பிறகு. ஒருவேளை சொல்லாமலே இருப்பேன். என்னை நெருக்காதீர்கள்.

துளசி வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிந்து இங்கே வருகிறாள். நான் முட்டையை ஆவியில் அவித்துக்கொள்கிறேன். அவளுக்குச் சோறும் கறியும். முதல் வாரம் என் தட்டைப் பார்த்துக்கொண்டே அவளும் சோற்றைக் குறைத்தாள். நான் கரண்டியை எடுத்து அவள் தட்டில் மறுபடி போட்டேன். "ஆன்ட்டி, பயமா இல்லையா?" என்று கேட்டாள். கிண்டலா, வருத்தமா என்று பிடிபடவில்லை. இப்போதும் பிடிபடவில்லை. ஆனால் சாப்பிட்டாள். ஆபீசில் இருந்த முறுக்கு டின்னை அவளிடமே கொடுத்து அனுப்பினேன், உங்களிடம் வரும்.

கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டுக்கு ஆள் கணக்குக் கேட்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டில் ஒரு இலை குறைத்துச் சொல்லியிருக்கிறேன். எனக்குத் தனி இலை வேண்டாம். நாற்காலி மட்டும் உங்கள் பக்கத்தில் போடச் சொல்லுங்கள்.

ரசத்தில் மிளகைக் குறைக்கச் சொல்லுங்கள்.

பிரேமலா